அளவுக்கருவி இருந்த இடமும் ‘தேசிய’ப் பட்டியலும்: முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

‘நாட்டிலேயே மிகுதியானோர் பார்த்த நிகழ்ச்சிகள்’ என ஆண்டுதோறும் வெளியாகும் பட்டியல்களைத் தொலைக்காட்சி வரலாற்றாய்வாளர் பலர் நேரடிச் சான்றாகவே கையாளுகின்றனர். மக்கள் எதைப் பார்த்தனர் என்பதைவிட, அளவுக்கருவி எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதையே அவை முதலில் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. தூத்துக்குடி மாநகரை ஒட்டிய மாப்பிள்ளையூரணி இதனை ஆராய ஏற்ற களமாகும். ஊராட்சியாக நிருவகிக்கப்படும் இவ்வூர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாக எண்ணப்படுகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, அதன் ஒளிபரப்பு சென்னையையும் அதன் சுற்றுப்புறங்களையுமே எட்டியது. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. மலைநாட்டு உயரத்திலிருந்து வந்த அதன் அலைகளுக்கு மன்னார் வளைகுடாவின் திறந்த நீர்ப்பரப்பில் தடையேதும் இல்லை. உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பிவைத்தால் கரையோர வீடுகளில் படம் தெரிந்தது. ஆக, தென்தமிழகக் கடற்கரையில் பலருக்கு முதல் தொலைக்காட்சி அண்டை நாட்டினுடையது. இந்தியாவில் எடுக்கப்பட்ட எந்தக் கணக்கிலும் இந்தப் பார்வையாளர்கள் இடம்பெறவில்லை. இவர்களை அறிய முதியோரின் வாய்மொழியையும், பழைய மின்பொருள் கடைகளின் விற்பனைக் கணக்குகளையும்தான் நாடவேண்டும். அவற்றைத் திரட்டும் பணி இனியும் தாழ்த்தத்தக்கதன்று.

தொடக்கத்தில் நேயர்கள் தாமே எழுதிய நாட்குறிப்புகளே மதிப்பீட்டுக்கு அடிப்படையாயின. 1990களில் மின்னணு அளவுக்கருவி வந்தது. டாம் நிறுவனம் நெடுங்காலம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களிலேயே கருவிகளை வைத்திருந்தது. விளம்பரதாரர் தேடிய வாங்கும் ஆற்றல் அங்கேதான் இருப்பதாகக் கருதப்பட்டது. இவ்வரையறையில் தூத்துக்குடி நகரம் தகுதி பெறும். சாலையைக் கடந்தால் வரும் ஊராட்சி எப்பக்கம் சேரும் என்பது வரைபடம் வகுப்பவரின் முடிவு. இதே காலத்தில்தான் தமிழகச் சிற்றூர்களில் தொலைக்காட்சி பெருகியது. 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் 47.2 விழுக்காட்டில் தொலைக்காட்சி இருந்தது. தமிழகத்திலோ 87 விழுக்காடு. பெட்டி ஊருக்குள் வந்துவிட்டது, அளவுக்கருவி நகர எல்லையிலேயே நின்றுவிட்டது.

2015 ஏப்ரலில் பார்க் நிறுவனம் மதிப்பீட்டைத் தொடங்கி, அவ்வாண்டு அக்டோபர் முதல் ஊரகத்தையும் கணக்கில் சேர்த்தது. அதன்பின் அனைத்திந்திய வாரப் பட்டியல்களில் சன் தொலைக்காட்சி பலமுறை முதலிடம் பெற்றது. பெரும்பாலும் ஒரே மாநிலத்தில் பார்க்கப்படும் தமிழ் அலைவரிசை எவ்வாறு ‘தேசிய’ முதலிடம் பெறும் என்று வியந்தோர் உண்டு. இந்தி நேயர்கள் பல அலைவரிசைகளுக்குப் பிரிந்து கிடந்தனர். தமிழகத்தில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் பெட்டி இருந்தது, நேயர்களும் ஒரே அலைவரிசையில் குவிந்தனர். தமிழரின் சுவை ஓராண்டில் மாறிவிடவில்லை, மாறியது எண்ணும் முறையே. டாம் காலப் பட்டியலையும் பார்க் காலப் பட்டியலையும் அருகருகே வைத்து ‘வளர்ச்சி’ பேசும் ஆய்வுகளை இக்காரணத்தால் ஏற்பதற்கில்லை.

2020 ஊரடங்கில் மறுஒளிபரப்பான இராமாயணத் தொடரை ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. அன்றைய பார்க் மாதிரியில் சுமார் 44,000 வீடுகளே இருந்தன. அவை ஏறத்தாழ 19.7 கோடித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பேராளாக நின்றன. அதாவது ஒரு வீடு ஏறக்குறைய 4,500 வீடுகளுக்காகப் பேசியது. மாதிரிக் கணிப்பு தன்னளவில் பிழையன்று. எண்ணப்பட்ட தொகைபோல அதனை மேற்கோள் காட்டுவதே பிழை.

‘முதன்மை நேரம்’ என்ற கருத்தும் இக்கரையில் ஆய்வுக்குரியது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைப்படி விசைப்படகுகள் காலை 5 மணிக்குமேல் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்பவேண்டும். பெருந்தொடர்கள் ஓடும் மாலைப் பொழுதில் அப்படகுகளின் ஆட்கள் கடலில் இருப்பர். உப்பளத் தொழிலாளரோ விடியுமுன் வேலைக்குச் செல்வதால் முன்னிரவிலேயே உறங்குபவர்கள். ‘குடும்பம் முழுவதும் கூடிப் பார்த்தது’ என்னும் விளம்பரத்துறைச் சொல் எவருடைய குடும்பத்தை மனத்தில் கொண்டது?

மதிப்பீட்டு முறைகேட்டுப் புகாரையடுத்து 2020 அக்டோபரில் தனித்தனிச் செய்தி அலைவரிசைகளுக்கான புள்ளிகள் நிறுத்தப்பட்டன. 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளியாயின. இடைக்காலத்தில் செய்தி வகைக்கான மொத்தக் கணக்கு மட்டுமே கிடைத்தது. தமிழகச் சட்டமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை நடந்த 2021 மே 2 இந்த இடைவெளிக்குள் விழுகிறது. அன்று எந்தச் செய்தி அலைவரிசையை எத்தனை பேர் பார்த்தனர் என்பதற்கு வெளியிடப்பட்ட பட்டியல் இல்லை. ரூபவாகினியைப் பார்த்த வீடுகளைப் போலவே அந்நாளையும் பிற சான்றுகளைக் கொண்டே எழுதவேண்டியுள்ளது.