செவிப்பறைக்கு ஒட்டு: வெளியே தேடியதும் உடலில் கிடைத்ததும்



சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி மதரஸாப் பிள்ளைகளைக் குற்றாலத்து அருவியிலிருந்து பிரிப்பது கடினம். ஆயினும் ஆண்டுதோறும் ஓரிருவர் காதில் பஞ்சுடன் கரையிலேயே நிற்பர். அவர்களின் செவிப்பறையில் ஓட்டை இருக்கும். தண்ணீர் புகுந்தால் சீழ் வடியும். உஸ்தாத் ஓதுவதைக் கேட்டு மனனமிடும் ஹிஃப்ழ் மாணவனுக்கு இது சிறிய குறையன்று. "அறுவை சிகிச்சையில் எதை வைத்து அடைப்பார்கள்? பன்றிச் சவ்வு என்கிறார்களே, மார்க்கத்தில் கூடுமா?" என்று ஒரு தந்தை கேட்டார்.

அந்த அச்சத்திற்கு வரலாற்றில் வேர் உண்டு. 1640-இல் ஜெர்மானிய மருத்துவர் மார்க்கஸ் பான்சர், சிறு குழாயின் முனையில் பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வைக் கட்டிக் காதினுள் பொருத்தினார். 1853-இல் லண்டனின் ஜோசப் டாயின்பி, வெள்ளிக் கம்பியில் ரப்பர் வட்டைப் பொருத்தினார். இவை ஓட்டையை மறைத்தனவேயன்றி ஆற்றவில்லை. 1887-இல் அமெரிக்காவின் கிளாரன்ஸ் பிளேக் ஒட்டிய காகிதத் துண்டோ, சவ்வு தானே வளர்ந்து மூடத் துணைநின்றது. ஆனால் சிறிய ஓட்டைகளுக்கே அது போதுமானதாயிற்று.

1878-இலேயே பெர்தோல்ட் என்பவர் நோயாளியின் தோலை எடுத்து ஒட்டினார். 1950-களின் தொடக்கத்தில் வுல்ஸ்டைனும் சோல்னரும் அவ்வழியைச் செவ்வனே வளர்த்தனர். எனினும் காதினுள் தோல் உரிந்தது, புண்ணாயிற்று, ஒட்டு நிலைக்கவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் விடை அருகிலேயே கிடைத்தது. காதுக்குச் சற்று மேலே, மெல்லும் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வெண்ணிற உறையே அது. ஜெர்மனியில் ஹீர்மனும் அமெரிக்காவில் ஸ்டார்ஸும் அதனைப் பயன்படுத்தினர். செவிப்பறையைப் போல மெல்லியது. குறைந்த இரத்த ஓட்டத்திலும் உயிர்தரிப்பது. பெரும்பாலும் அதே கீறலின் வழியே எடுக்கக்கூடியது. இன்று பரவலாகப் பயன்படுவது இதுவே.

ஓட்டை பெரிதாயினும், முன்பு ஒட்டியது விலகியிருப்பினும், செவிப்பறை உள்ளே இழுபடும் நிலையிருப்பினும் காதுக் குருத்தெலும்பை மருத்துவர் தேர்வர். அது தடித்ததாதலால் கேட்கும் திறன் குறையுமோ என்று அஞ்சினர். மெலிதாகச் சீவி வைக்கும்போது பெரிய வேறுபாடு இல்லை என்றே ஒப்பாய்வுகள் பலவும் காட்டுகின்றன.

இவ்விரண்டும் நோயாளியின் உடலுக்கே உரியவை. ஹிஜ்ரி 1408-இல் (1988) ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஒருவரின் உடற்பகுதியை அவருக்கே வேறிடத்தில் பொருத்துவது, பயன் தீங்கைவிட மிகுமாயின், கூடும் எனத் தீர்மானித்தது. பன்றிக் குடலிலிருந்து ஆயத்தம் செய்த ஒட்டுப்பொருளும் இன்று உலகில் உண்டு; ஆதலால் எதை வைக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்வது நன்று.

பெற்றோரே, ஐயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சைக்குப் பின் மருத்துவர் அனுமதிக்கும்வரை காதில் நீர் புகாமல் காத்திடுங்கள். முன்னூறு ஆண்டுகள் வெளியே தேடிய பொருளை, காதுக்கு ஒரு விரற்கடை மேலே படைத்து வைத்திருக்கிறான் அல்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.