அசைவூட்டச் செருகுநிரல்களில் பல்பரிமாண அணிப் பிழைகள்

மாயா, பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களுக்குப் பிளக்-இன் எனப்படும் செருகுநிரல் எழுதுவோர், ஒன்றுக்கு மேற்பட்ட சுட்டெண்களால் அடைய வேண்டிய தரவைத் தவறான இடத்தில் படிப்பதாலோ எழுதுவதாலோ வரும் பிழைகளே பல்பரிமாண அணிப் பிழைகள். இவற்றில் பல செருகுநிரலை நிறுத்துவதில்லை, பிழைச் செய்தியும் தருவதில்லை. திரையில் பாத்திரத்தின் உடல் கோணலாக வளைந்த பிறகே தெரியவரும். மாயாவில் இவற்றில் பலவற்றுக்கு வேர் ஒன்றுதான்: கையில் இருக்கும் சுட்டெண் வரிசையில் உள்ள இடத்தைக் குறிக்கிறதா, அல்லது உறுப்புக்கு இடப்பட்ட அடையாள எண்ணா என்று பிரித்துப் பார்க்காமை.

பின்னணி

தமிழ்நாட்டின் 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் சி++ மொழியின் அணிகள் (அரே) உண்டு. அந்தப் பாடத்தில் அறிமுகமாகும் அணி இடைவெளி இல்லாதது. ஐந்து உறுப்புகள் இருந்தால் சுட்டெண் 0 முதல் 4 வரை. நினைவகத்தில் அது ஒரே நேர்கோடு. இருபரிமாண அணியில் ஓர் உறுப்பின் இடத்தை, நிரை (கிடை வரிசை) எண்ணை நிரல்களின் (செங்குத்து வரிசைகளின்) எண்ணிக்கையால் பெருக்கி, நிரல் எண்ணைக் கூட்டிக் கண்டுபிடிக்கலாம்.

1998-இல் ஏலியாஸ்|வேவ்ஃபிரண்ட் நிறுவனம் வெளியிட்டு, 2006 முதல் ஆட்டோடெஸ்க் வசமுள்ள மாயாவில் இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. அதன் பண்புகளில் பல, இடைவெளி விட்டு நிரம்பும் அணிகள்.

இட எண்ணும் அடையாள எண்ணும்

மாயாவில் ஓர் உறுப்புக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று அதன் நிலையான அடையாள எண் (லாஜிக்கல் இண்டெக்ஸ்). மற்றது, இப்போது இருக்கும் உறுப்புகளுக்குள் அது எத்தனையாவது என்ற இட எண் (பிசிக்கல் இண்டெக்ஸ்). 1, 2, 5, 9 ஆகிய கதவிலக்கங்கள் மட்டுமே உள்ள தெருவில் மூன்றாவது வீட்டின் கதவிலக்கம் 5 என்பது போல.

எடுத்துக்காட்டாக, இராஜபாளையம் நாய் ஒன்றின் முப்பரிமாண உருவத்துக்கு ஆறு மூட்டுகள் கொண்ட ரிக் (அசைவுக்கான எலும்புக்கூடு) அமைப்பதாகக் கொள்வோம்: இடுப்பு 0, முதுகு 1, கழுத்து 2, காது 3, தலை 4, வால் 5. உருவத்தின் ஒவ்வொரு முனையையும் (வெர்டெக்ஸ்) எந்த மூட்டு எவ்வளவு இழுக்கிறது என்பதை ஸ்கின்கிளஸ்டர் என்ற கணு இரண்டு அடுக்கு அணியில் வைத்திருக்கும். முதல் சுட்டெண் முனையின் எண், இரண்டாவது மூட்டின் எண். காது மூட்டு தேவையில்லை என்று ரிக்கிலிருந்து நீக்கினால் எஞ்சுபவை 0, 1, 2, 4, 5. மாயா இவற்றை மறு எண்ணிடாது. வாலின் அடையாள எண் 5 ஆகவே இருக்கும். அதன் இட எண் மட்டும் 4 ஆகிவிடும்.

இந்த நிலையில் 120-ஆம் முனையின் வால் எடையை இரண்டு வழிகளில் கேட்கலாம். எடைப் பண்பை நேரடியாக அணுகினால் வேண்டிய எண்கள் [120], [5]. எம்எஃப்என்ஸ்கின்கிளஸ்டர் வகுப்பின் வழியே எல்லா எடைகளையும் ஒரே நீளமான பட்டியலாகப் பெற்றால் மூட்டுகள் ஐந்து, வாலின் இடம் 4; எனவே 120 × 5 + 4 = 604. பட்டியலுக்குரிய 4-ஐ எடைப் பண்பில் இட்டுவிட்டால் அங்கே இருப்பது தலை. வாலுக்கான எடைகள் தலையின் கணக்கில் எழுதப்பட்டு, நாய் தலையைத் திருப்பும்போது வாலும் கூடவே இழுபடும்.

பிளெண்ட்ஷேப் கணுவில் இந்த வேறுபாடு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அங்கே முகபாவ வடிவத்தின் உறுப்பு எண், 5000-உடன் எடையின் ஆயிரம் மடங்கைக் கூட்டி வருவது. முழு எடை 1 என்றால் 6000, பாதி எடை என்றால் 5500. 0, 1, 2 என்று எண்ணிச் செல்லும் சுழற்சி அங்கே எதையும் காணாது.

பைத்தானில் வரும் சிக்கல்கள்

2007-இல் மாயா 8.5 பதிப்புடன் பைத்தான் வழி வந்தது. அதன் முதல் இடைமுகம் சி++ இடைமுகத்தின் மேல் போர்த்திய உறை. சி++ இல் ஒரு புள்ளியின் யு, வி ஆயங்களை இரண்டு மதிப்புள்ள ஃப்ளோட்2 அணியாகத் திருப்பித் தரும் செயற்கூறுகளுக்குப் பைத்தானின் சாதாரணப் பட்டியலைக் கொடுக்க முடியாது. எம்ஸ்கிரிப்ட்யூட்டில் என்ற இடைவகுப்பு தேவை. அதிலிருந்து மதிப்பை எடுக்கும்போது நிரை, நிரல் இரண்டையும் சொல்ல வேண்டும்: யு ஆயம் 0, 0, வி ஆயம் 0, 1. ஒரே சுட்டெண் போதும் என்று நினைப்பது தொடக்கநிலையில் அடிக்கடி நேரும் தடுமாற்றம். பின்னர் வந்த பைத்தான் ஏபிஐ 2.0 இந்தச் சுமையை நீக்கிற்று.

மொழிக்கே உரிய பொறி ஒன்றும் உண்டு. மூன்று சுழிகள் கொண்ட நிரையை நான்கால் பெருக்கி அட்டவணை அமைத்தால், உருவாவது நான்கு நிரைகள் அல்ல. ஒரே நிரைக்கு நான்கு சுட்டுகள். ஒன்றில் மதிப்பை மாற்றினால் நான்கிலும் மாறும்.

பிற மென்பொருள்களில்

பிளெண்டர், முனைகளின் ஆயங்களை மொத்தமாகத் தரும்போது அடுக்குகளாகத் தராமல் ஒரே கோடாகத் தரும். முனை ஒன்றுக்கு மூன்று எண்கள் என்பதால் மூன்று மடங்கு நீளமுள்ள அணியை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். படத்தின் பிக்சல்களும் அப்படியே, கீழ் இடது மூலையிலிருந்து தொடங்கி, பிக்சலுக்கு நான்கு மதிப்புகள். 1920 பிக்சல் அகலப் படத்தில் குறுக்கே 100, மேலே 50 என்ற புள்ளியின் சிவப்பு மதிப்பு 384400-ஆம் இடத்தில் இருக்கும். அகலத்துக்குப் பதில் உயரத்தால் பெருக்கினால் படம் சாய்ந்த கீற்றுகளாகச் சிதறும்.

4×4 உருமாற்ற அணியில் இடப்பெயர்ச்சி மாயாவில் கடைசி நிரையிலும், 2012-இன் 2.62 பதிப்பு முதல் பிளெண்டரில் கடைசி நிரலிலும் அமைகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுசெல்லும்போது நிரை நிரல்களை இடம் மாற்ற வேண்டும்.

பிழை காணும் முறை

சி++ செருகுநிரல் மாயாவின் செயலாக்கத்துக்கு உள்ளேயே ஓடுவதால், எல்லை மீறிய அணுகல் மென்பொருளையே சாய்த்து, சேமிக்காத காட்சியையும் கொண்டுபோய்விடக்கூடும். எனவே முதலில் ஒவ்வோர் அழைப்பும் தரும் எம்ஸ்டேட்டஸ் மதிப்பைச் சோதிக்க வேண்டும். எம்அரேடேட்டாஹேண்டில் வகுப்பில் ‘ஜம்ப் டு எலிமென்ட்’ அடையாள எண்ணையும், ‘ஜம்ப் டு அரே எலிமென்ட்’ இட எண்ணையும் கேட்கும். பெயர் நெருக்கத்தால் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிடுவது எளிது. உண்மையில் எந்த அடையாள எண்கள் இருக்கின்றன என்பதை கெட்ஆட்டர் கட்டளையின் ‘மல்டி இண்டைசஸ்’ தெரிவால் அச்சிட்டுப் பார்க்கலாம்.

சோதனைக்குச் சதுர அணி உதவாது. 3×3 அணியில் நிரையும் நிரலும் இடம் மாறினாலும் எல்லை மீறாது என்பதால் தவறு மறைந்துவிடும். 2×3 அணியில் உடனே வெளிப்படும். ஒவ்வோர் உறுப்பிலும் நிரை எண்ணின் நூறு மடங்குடன் நிரல் எண்ணைக் கூட்டி வைத்தால், கைக்கு வந்த மதிப்பே தான் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும்: 102 என்றால் நிரை 1, நிரல் 2. மூட்டுகளைப் பொறுத்தவரை, நடுவில் ஒரு மூட்டை நீக்கிய ரிக்கில் சோதிப்பதே பயன் தரும். இடைவெளி இல்லாத ரிக்கில் இரு எண்களும் ஒன்றாகவே இருப்பதால், தவறான செருகுநிரலும் அங்கே சரியான விடையைத் தரும்.