முத்திரையும் சாவியும்: ஒரு பெருவிரலின் வரலாறு

2018 ஜூன் மாதத்தில் ஹைதராபாத் காவல்துறை சிம் அட்டை முகவர் ஒருவரைக் கைதுசெய்தது. பிறர் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை அவர் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பது குற்றச்சாட்டு. இதற்காக அவர் எந்தக் கணினிக்குள்ளும் ஊடுருவவில்லை. பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் கிடைத்த நில ஆவணங்களைத் தரவிறக்கி, அவற்றிலிருந்த பெருவிரல் ரேகைகளை ரப்பர் முத்திரை செய்யும் முறையில் வார்த்தெடுத்து, ஆதார் சரிபார்ப்புக் கருவியில் பயன்படுத்தினார் எனக் காவல்துறை தெரிவித்தது.

இதைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று மட்டும் கருதிக் கடந்துவிட இயலாது. இதன் வேர் காலனிய ஆட்சிக்காலத்தில் இருக்கிறது.

1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல், சாலைப் பணிக்குப் பொருள் வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதியச் செய்தார். பின்னாளில் அவர் ஒப்பந்தத்தை மறுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியம், பத்திரப்பதிவு, சிறை நிர்வாகம் ஆகியவற்றிலும் ஹெர்ஷல் ரேகையைப் புகுத்தினார். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் உருவானது. அதன் வகைப்பாட்டு முறைக்கு அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் உழைத்தனர். பெயர் எட்வர்டு ஹென்றிக்குச் சென்றது.

இந்த மரபில் ரேகை ஒருபோதும் மறைபொருளாக இருந்ததில்லை. பலரும் பார்த்து ஒப்பிட முடிவதே அதன் வலிமை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, சொத்துப் பதிவேடுகளைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்கிறது. 2001இல் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவோ ஆவணத்தில் நிழற்படத்தையும் விரல்ரேகையையும் கட்டாயமாக்கியது.

2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் வெளிவந்தபோது, ரேகை கடவுச்சொல்லின் இடத்தில் அமர்ந்தது. அதே மாதத்தில், கண்ணாடிப் பரப்பில் படிந்த ரேகையிலிருந்து போலி விரலைச் செய்து அந்தப் பூட்டைத் திறந்து காட்டியது ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப். எனினும் கைப்பேசியில் ஒரு காப்பு உண்டு: ரேகையின் வார்ப்புரு அக்கருவிக்குள்ளேயே இருக்கிறது, ஒப்பீடும் அங்கேயே நிகழ்கிறது. ஏமாற்ற விரும்புபவருக்குப் போலி விரலோடு அந்தக் கைப்பேசியும் வேண்டும். ஆதார் சரிபார்ப்பில் ஒப்பீடு மையத் தரவகத்தில் நிகழ்கிறது. எந்தக் கடையிலுள்ள கருவியும் போதும். ஆதார் எண்ணும் ரேகையும் ஒரே ஆவணத்தில் கிடைத்துவிட்டால் ஏமாற்றுவது எளிதாக இருந்தது.

2017 மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை அனைத்துக் கைப்பேசி இணைப்புகளையும் ஆதார்வழி மறுசரிபார்க்கப் பணித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என அறிவித்தது. அதற்குள் நில ஆவணத்தின் ரேகை சிம் அட்டையின் திறவுகோலாக மாறியிருந்தது.

ஹைதராபாத்தில் வாழும் மொழியியல் மாணவன் என்ற முறையில் என் கவனத்தை ஈர்ப்பது இதற்கான சொற்களே. தெலுங்கில் ரேகைப்பதிவுக்கு 'வேலிமுத்ர' என்று பெயர். விரல் முத்திரை எனப் பொருள். தமிழில் 'கைநாட்டு', கையை ஊன்றி நாட்டுதல். எழுதப் படிக்கத் தெரியாதவரை இகழும் சொல்லாகவும் அது இழிந்தது. இரு சொற்களிலும் பிறர் காணப் பதிக்கும் குறி என்ற பொருளே உள்ளது. முத்திரை காட்டுவதற்கானது, சாவி மறைத்து வைப்பதற்கானது. ஒரே விரலை இரண்டாகவும் பயன்படுத்தியதே 2018ஆம் ஆண்டு வழக்கின் அடிப்படைச் சிக்கல். திருட்டுப்போன கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். விரலை மாற்ற இயலாது. எழுத்தறியாமையால் ஆவணந்தோறும் ரேகை வைத்தவர்களே இங்கு அதிகம் இழக்கக்கூடியவர்கள்.

ஆவணங்களை எண்ணிமமாக்கும் ஆய்வாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் பத்திரங்களையும் மனுக்களையும் படமெடுத்துப் பகிரும்போது, பெயருக்கு முன் ரேகையை மறைத்துவிடுங்கள்.