இந்திய நாடாளுமன்றத்தில் கூட்டணி ஆட்சியும் சிறுபான்மை அரசும்

மக்களவையின் 543 இடங்களில் 272-ஐ எந்த ஒரு கட்சியும் எட்டாதபோது அமையும் அரசுகள் இரு வகைப்படும். பல கட்சிகள் அமைச்சரவையில் இடம்பெற்று, அவற்றின் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டினால் பாதியைத் தாண்டும் என்றால் அது பெரும்பான்மைக் கூட்டணி அரசு. அமைச்சரவையில் உள்ள கட்சி அல்லது கட்சிகளின் மொத்த பலம் பாதிக்குக் கீழே இருந்து, அமைச்சர் பதவி ஏற்காத பிற கட்சிகளின் தயவில் ஆட்சி நடந்தால் அது சிறுபான்மை அரசு. பதவியில் பங்கு கொள்ளாமல் வாக்கெடுப்பில் மட்டும் கைகொடுக்கும் ஏற்பாடு இந்திய அரசியலில் 'வெளியிலிருந்து ஆதரவு' எனப்படுகிறது. 1989-க்கும் 1999-க்கும் இடையே மத்தியில் கவிழ்ந்த அரசுகளில் பெரும்பாலானவற்றை எதிர்க்கட்சிகள் தம் சொந்த பலத்தால் வீழ்த்தவில்லை. வெளியிலிருந்து தாங்கிய கட்சிகள் கையை எடுத்ததாலேயே அவை விழுந்தன. ஆகவே ஓர் அரசின் ஆயுளை அதன் எண்ணிக்கையைவிட, அதைத் தாங்குபவர்களுக்கு அது நீடிப்பதில் என்ன அக்கறை இருக்கிறது என்பதே தீர்மானித்திருக்கிறது.

அரசியலமைப்பின் 75(3) பிரிவு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று மட்டுமே கூறுகிறது. பிரதமரை அவை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றோ, அவருக்கு அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு தர வேண்டும் என்றோ அது வற்புறுத்தவில்லை. அவையில் வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மையே போதும் என்பதால், எதிராக வாக்களிக்க மனமில்லாத கட்சிகள் வாக்கெடுப்பிலிருந்து விலகி நின்றாலே ஓர் அரசு பிழைத்துக்கொள்ளும். சுவீடனில் இதே கருத்து விதியாகவே எழுதப்பட்டுள்ளது: அங்கு பிரதமராக முன்மொழியப்படுபவரை அவையின் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்தாலொழிய அவர் பதவிக்கு வந்துவிடுவார். டென்மார்க்கில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைந்தவற்றுள் பெரும்பாலானவை சிறுபான்மை அரசுகளே; அவற்றை அந்நாட்டவர் நெருக்கடியின் அடையாளமாகக் கருதுவதில்லை.

யாரை முதலில் அழைப்பது என்பதில் இந்தியக் குடியரசுத் தலைவர்கள் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. 1989-இல் ஆர். வெங்கட்ராமன் தனிப்பெருங் கட்சி என்ற முறையில் காங்கிரஸை அழைத்தார். ராஜீவ் காந்தி மறுத்த பின்னரே வி.பி. சிங்குக்கு வாய்ப்பு வந்தது. 1996-இல் சங்கர் தயாள் சர்மாவும் அவ்வாறே 161 இடங்கள் பெற்ற பா.ஜ.க.வை அழைக்க, வாஜ்பாயி மே 16 அன்று பதவியேற்று, ஆதரவு திரட்ட முடியாமல் 13 நாளில் விலகினார். அந்த அனுபவத்தைக் கண்ட கே.ஆர். நாராயணன் 1998-இல் ஆதரவுக் கடிதங்களை முதலில் கேட்டு வாங்கி, எண்ணிக்கையில் ஓரளவு தெளிவு பிறந்த பின்னரே பிரதமரை நியமித்தார். அ.தி.மு.க.வின் கடிதம் வர நாட்கள் ஆனபோது தில்லியே சென்னையை நோக்கிக் காத்திருந்தது. மாநிலங்களைப் பொறுத்தவரை, 1988-இல் வெளியான சர்க்காரியா ஆணைய அறிக்கை தேர்தலுக்கு முன் அமைந்த கூட்டணிக்கு முதலிடம் தந்ததும், 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் அல்ல, அவையிலேயே நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் இத்துறையின் இரு பெரும் வழிகாட்டிகளாயின.

மத்தியில் முதல் சிறுபான்மை அரசு 1969-இல் தோன்றியது. காங்கிரஸ் பிளவுபட்டதால் பெரும்பான்மையை இழந்த இந்திரா காந்தியின் அரசை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும், 1967 தேர்தலில் 25 இடங்களை வென்றிருந்த தி.மு.க.வும் தாங்கின, 1970 டிசம்பரில் மக்களவையை அவரே கலைக்கச் செய்யும்வரை அந்த ஆதரவு நீடித்தது. அடுத்தது 1979 ஜூலையில் காங்கிரஸ் ஆதரவுடன் பிரதமரான சரண் சிங்கின் அரசு; நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்பே ஆதரவு விலக்கப்பட்டதால் அவர் பிரதமராக ஒரு நாள்கூட மக்களவையைச் சந்திக்காமல் ஆகஸ்ட் 20 அன்று பதவி விலகினார்.

1989 தேர்தலில் காங்கிரஸ் 197, ஜனதா தளம் 143, பா.ஜ.க. 85 இடங்களைப் பெற்றன. வி.பி. சிங் தலைமையிலான தேசிய முன்னணியின் அரசை ஒரு பக்கம் பா.ஜ.க.வும் மறுபக்கம் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்கினர். அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கு மக்களவையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. எனினும் முன்னணியின் உறுப்புக் கட்சி என்ற முறையில் மாநிலங்களவை உறுப்பினரான முரசொலி மாறன் மத்திய அமைச்சரானார். ரத யாத்திரை சென்ற அத்வானி 1990 அக்டோபரில் பீகாரில் கைதானதும் பா.ஜ.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, நவம்பர் 7 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வி.பி. சிங் தோற்றார்.

அவருக்குப் பின் வந்த சந்திரசேகர் அரசே வெளி ஆதரவு என்ற ஏற்பாட்டின் மிக மோசமான வடிவம் எனலாம். ஜனதா தளத்திலிருந்து பிரிந்த, ஏறத்தாழ 60 உறுப்பினர்களைக் கொண்ட ஒரு பிரிவு ஆட்சியில் அமர, அதைப் போல மூன்று மடங்கு பலமுள்ள காங்கிரஸ் வெளியே நின்றது. அதிகாரம் ஒரு பக்கமும் பொறுப்பு மறுபக்கமும் பிரிந்த இந்த அமைப்பின் விலையைத் தமிழ்நாடு நேரடியாகச் செலுத்த நேர்ந்தது. காங்கிரஸும் அதன் கூட்டாளியான அ.தி.மு.க.வும் வற்புறுத்தியதன் பேரில், சட்டமன்றத்தில் பெரும்பான்மை கொண்டிருந்த தி.மு.க. அரசு 1991 ஜனவரி 30 அன்று 356-ஆம் பிரிவின்கீழ்க் கலைக்கப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கான அறிக்கையைத் தர மறுத்ததால், அறிக்கை இல்லாமலேயே 'வேறு வகையில்' மனநிறைவு அடையலாம் என்று அப்பிரிவில் உள்ள சொற்களைத் துணையாகக் கொண்டு கலைப்பு ஆணை பிறந்தது. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த அதே மாதங்களில் அரசால் முழு வரவுசெலவுத் திட்டத்தைக்கூடத் தாக்கல் செய்ய முடியவில்லை. இடைக்காலத் திட்டத்தோடு நிறுத்திக்கொண்டது. ராஜீவ் காந்தியின் வீட்டருகே அரியானா காவலர்கள் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு முற்றியதும் மார்ச் 6 அன்று சந்திரசேகர் பதவி விலகினார்.

சிறுபான்மை அரசு என்றாலே செயலற்ற அரசு என்ற எண்ணத்தை 1991 ஜூனில் அமைந்த நரசிம்ம ராவ் அரசு பொய்யாக்கியது. பதவியேற்ற ஐந்து வாரங்களுக்குள், ஜூலை 24 அன்று, அது புதிய தொழிற்கொள்கையையும் மன்மோகன் சிங்கின் வரவுசெலவுத் திட்டத்தையும் ஒருசேர வெளியிட்டது; விடுதலைக்குப் பின் நாட்டின் பொருளாதாரப் போக்கை இவ்வளவு ஆழமாக மாற்றிய வேறோர் ஆண்டைச் சொல்வது கடினம். இதைச் சாத்தியமாக்கியது எதிரணியின் பிளவு. காங்கிரஸுக்கு ஒரு பக்கம் பா.ஜ.க.வும் மறுபக்கம் தேசிய முன்னணி, இடதுசாரிக் கட்சிகளும் நின்றன. அயோத்தி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த அக்காலத்தில் இவ்விரு தரப்பும் ஒரே பக்கம் வாக்களிப்பது அரிது. ராவின் முதல் நம்பிக்கை வாக்கெடுப்பில் தேசிய முன்னணியும் இடதுசாரிகளும் வாக்களிக்காமல் விலகி நிற்க, அரசு எளிதில் வென்றது. எதிரணி நடுவில் நிற்கும் கட்சிக்கு எதிராக ஒன்றுசேர முடியாதவரை, பெரும்பான்மை இல்லாமலேயே அது பெரும்பான்மைக்கு உரிய வசதியை அனுபவிக்கும்.

அந்த வசதி தீர்ந்த நாளில் நடந்தது ஜனநாயகத்துக்கு நேர்ந்த காயம். 1993 ஜூலை 28 அன்று வாக்கெடுப்புக்கு வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது காங்கிரஸின் பலம் 251. அன்றைய அவையில் வெற்றிக்கு அதற்கு 14 பேர் குறைவாக இருந்தனர். தீர்மானத்துக்கு ஆதரவாக 251, எதிராக 265 வாக்குகள் பதிவாகி அரசு தப்பியது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உள்ளிட்ட கட்சிகளின் உறுப்பினர்கள் பணம் பெற்றுக்கொண்டு வாக்களித்தனர் என்ற வழக்கில், 1998-இல் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற கணக்கில் விந்தையான முடிவுக்கு வந்தது: லஞ்சம் வாங்கி வாக்களித்தவர்களுக்கு 105(2) பிரிவின்படி நாடாளுமன்றப் பாதுகாப்பு உண்டு; வாங்கியும் வாக்களிக்காமல் இருந்தவருக்கு அது இல்லை. சொன்னபடி நடந்துகொண்டவருக்குக் கிடைத்த காப்பு, வாங்கிவிட்டு வராதவருக்குக் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். இருபத்தாறு ஆண்டுகள் நிலைத்த இத்தீர்ப்பை 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு சீதா சோரன் வழக்கில் ஒருமனதாக மாற்றியது.

1996-இல் பா.ஜ.க. விலகிய பின் 13 கட்சிகள் கொண்ட ஐக்கிய முன்னணி, காங்கிரஸின் வெளி ஆதரவில் ஆட்சி அமைத்தது. பிரதமர் பதவி முதலில் ஜோதி பாசுவைத் தேடி வந்தது. மார்க்சிஸ்ட் கட்சி ஏற்க மறுத்ததால் தேவகௌடா பிரதமரானார். மத்தியில் தமிழ்நாட்டுக் கட்சிகளின் செல்வாக்கு அதுவரை காணாத அளவுக்கு உயர்ந்தது இவ்வரசில்தான். தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) 20, தி.மு.க. 17 இடங்களுடன் நுழைந்து, நிதித்துறையை ப. சிதம்பரமும் தொழில்துறையை முரசொலி மாறனும் பெற்றனர். 1997 பிப்ரவரி 28 அன்று சிதம்பரம் தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டம் அவையில் நிறைவேறும் முன்பே, மார்ச் 30 அன்று காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவை விலக்கினார். ஐ.கே. குஜ்ரால் பிரதமரான பின் அத்திட்டம் விவாதமின்றி நிறைவேற்றப்பட்டது. நாட்டின் ஓர் ஆண்டுக் கணக்கு உறுப்பினர்களின் ஆய்வுக்கே உட்படாமல் போனது, அரசு கவிழ்வதைவிடப் பெரிய இழப்பாகக் கருதத்தக்கது. அந்த ஆண்டு நவம்பரில் ராஜீவ் காந்தி கொலை தொடர்பான ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை முன்வைத்து, தி.மு.க. அமைச்சர்களை நீக்குமாறு காங்கிரஸ் கோரியது. ஐக்கிய முன்னணி மறுத்தது. ஆட்சியே போனாலும் கூட்டாளியைக் கைவிடுவதில்லை என்ற அந்நிலைப்பாடு போற்றத்தக்கது. நவம்பர் 28 அன்று காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது.

1998 மார்ச்சில் அமைந்த வாஜ்பாயி அரசு அ.தி.மு.க.வின் 18 உறுப்பினர்களைச் சார்ந்திருந்தது. 1999 ஏப்ரல் 14 அன்று ஜெயலலிதா ஆதரவை விலக்க, ஏப்ரல் 17 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 269, எதிராக 270 வாக்குகள் விழுந்தன. அதுவரை அரசை எதிர்த்துவந்த தி.மு.க. அன்று ஆதரித்தது. விலகி நிற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சியின் ஐவரும் கடைசி நேரத்தில் எதிர்த்து வாக்களித்தனர். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சி முடிவை மீறி எதிர்ப்பக்கம் நின்றார். பிப்ரவரியில் ஒரிசா முதல்வரான கிரிதர் கமாங் மக்களவை உறுப்பினர் பதவியை இன்னும் துறக்காமல் இருந்ததால் வந்து வாக்களித்தார். மாநிலச் சட்டமன்றத்தில் இடம் பெற ஆறு மாத அவகாசம் உண்டு என்பதால் சட்டம் அதைத் தடுக்கவில்லை. அவர் வராமல் இருந்திருந்தால் வாக்குகள் சமமாகி, 100-ஆம் பிரிவின்படி முடிவு சபாநாயகர் ஜி.எம்.சி. பாலயோகியின் ஒரு வாக்கில் அமைந்திருக்கும். அவர் அரசை ஆதரித்த தெலுங்கு தேசம் கட்சியைச் சேர்ந்தவர். கவிழ்த்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியாததால் மக்களவை கலைக்கப்பட்டது. கார்கில் போரை நாடு ஒரு காபந்து அரசின் கீழ்ச் சந்தித்தது.

ஓர் அரசை வீழ்த்த ஒன்றுசேர்பவர்கள் இன்னொன்றை அமைக்க ஒன்றுசேர வேண்டிய கட்டாயம் இந்தியாவில் இல்லை என்பதே இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்த குறை. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தில் 67-ஆம் பிரிவு, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்காமல் தலைமை அமைச்சரை நீக்க இடந்தருவதில்லை. 1982-இல் ஹெல்முட் ஷ்மிட் விலக்கப்பட்ட அதே வாக்கெடுப்பில் ஹெல்முட் கோல் தேர்வானார். இந்தியச் சட்ட ஆணையமும் 1999-இல் தனது 170-ஆம் அறிக்கையில் இத்தகைய ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை தனி உறுப்பினரைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, ஒரு கட்சி முழுதாக ஆதரவை விலக்குவதை அது தொடுவதில்லை.

1999-க்குப் பிறகு கூட்டணிகள் ஓரளவு நிலைபெற்றதற்குக் காரணம், ஆதரிக்கும் கட்சிகளில் பல வெளியே நிற்பதைவிட உள்ளே வந்து இலாகா பெறுவதைத் தேர்ந்துகொண்டதுதான். 2004-இல் அமைந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தை எழுத்தில் வடித்து, வெளியிலிருந்து ஆதரித்த இடதுசாரிகளுடன் ஒருங்கிணைப்புக் குழுவும் வைத்துக்கொண்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஊரக வேலை உறுதிச் சட்டமும் 2005-இல் அந்தச் சூழலிலேயே பிறந்தன. அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து 2008 ஜூலையில் இடதுசாரிகள் விலகியபோதும், அரசு 275-க்கு 256 என்று பிழைத்தது. வாக்கெடுப்புக்குச் சற்று முன் எதிரணி உறுப்பினர்கள் சிலர் லஞ்சமாகத் தரப்பட்டது என்று கூறி ரூபாய்க் கட்டுகளை அவையில் காட்டியது மட்டும் 1993-ஐ நினைவூட்டியது. 2014, 2019 தேர்தல்களில் தனிப்பெரும்பான்மை பெற்ற பா.ஜ.க. 2024-இல் 240 இடங்களில் நின்றுவிட, 16 இடங்கள் கொண்ட தெலுங்கு தேசமும் 12 இடங்கள் கொண்ட ஐக்கிய ஜனதா தளமும் அமைச்சரவைக்குள்ளேயே இருந்து ஆட்சியைத் தாங்குகின்றன.

வெளி ஆதரவும் நீடிக்கக்கூடும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 2006 தேர்தலில் 234 இடங்களில் தி.மு.க. 96-ஐ மட்டும் வென்று, காங்கிரஸ் (34), பா.ம.க. (18), இடதுசாரிகள் (15) ஆதரவுடன் தனித்து அமைச்சரவை அமைத்தது. 'மைனாரிட்டி அரசு' என்று ஜெயலலிதா ஓயாமல் கூறிவந்தும், பா.ம.க.வும் இடதுசாரிகளும் கூட்டணியை விட்டுச் சென்றும், அது ஐந்தாண்டுகளையும் முடித்தது. சென்னையில் தி.மு.க.வுக்குக் காங்கிரஸ் தேவைப்பட்டது போலவே தில்லியில் காங்கிரஸுக்குத் தி.மு.க. தேவைப்பட்டது, ஓர் இடத்தில் கையை எடுத்தால் மறு இடத்தில் இழப்பு என்பதை இரு கட்சிகளும் அறிந்திருந்தன. அமைச்சரவையில் பங்கு கிட்டாத காங்கிரஸ் அதன் பலனைத் தொகுதிப் பங்கீட்டில் கேட்டுப் பெற்றது: 2006-இல் 48 தொகுதிகளில் போட்டியிட்ட அக்கட்சிக்கு, மத்திய அரசிலிருந்து தி.மு.க. விலகுவதாக அறிவிக்கும் அளவுக்குச் சென்ற பேரத்தின் முடிவில், 2011-இல் 63 தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் அது வென்றவை ஐந்து.