டாக்டராக ஆசைப்பட்ட பிள்ளைகள்

நம் சங்கம் தொடங்கப்பட்ட 1970-களின் நடுப்பகுதியில், பினாங்கில் நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவர் டாக்டருக்குப் படிக்கிறார் என்றால் தெருவெல்லாம் அதே பேச்சாக இருக்கும். நாணய மாற்று, நாசி கண்டார், புத்தகக் கடை, துறைமுக வேலை என்று வாழ்ந்த குடும்பங்களில் அந்த ஆசைக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. ஆசைக்கும் கல்லூரி வாசலுக்கும் இடையில் நம் பிள்ளைகள் எங்கெங்கே நின்றுபோனார்கள் என்பதை இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம்.

மலாயாவில் டாக்டர் படிப்பு 1905-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. டான் ஜியாக் கிம் தலைமையில் வணிகர்கள் 87,000 வெள்ளிக்கு மேல் திரட்டிக் கொடுக்க, 23 மாணவர்களோடு திறக்கப்பட்ட பள்ளி அது. பிறகு ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, பினாங்குப் பிள்ளை டாக்டராக வேண்டுமானால் சிங்கப்பூருக்கு ரயிலேற வேண்டும். இல்லையேல் கப்பலேற வேண்டும். 1960-களில் கோலாலம்பூரிலும் 1970-களில் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவத் துறைகள் வந்தன. 1979-இல் பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் மருத்துவப் பிரிவைத் தொடங்கியபோது, வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். பின்னர் அது கிளந்தானிலுள்ள குபாங் கெரியானுக்கு இடம் மாறியது.

ஆனால் நம் பிள்ளைகள் பலரைத் தடுத்தது கல்லூரியின் தூரம் அல்ல. அவர்கள் பாதை மூன்றாம் படிவத்திலேயே பிரிந்துவிட்டது. எல்.சி.இ., பிறகு எஸ்.ஆர்.பி., அதன் பிறகு பி.எம்.ஆர். என்று பெயர் மாறினாலும் அந்தத் தேர்வின் வேலை ஒன்றுதான்: யார் அறிவியல் பிரிவுக்கு, யார் கலைப் பிரிவுக்கு என்று முடிவு செய்வது. பதினைந்து வயதில் நடக்கும் இந்தப் பிரிவினை நம் பெற்றோரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தந்தை விடியற்காலையில் கடை திறந்து இரவு வீடு திரும்புவார். பல வீடுகளில் தாய் ஊரில் இருந்தார். ஐந்தாம் படிவ முடிவு வந்த பிறகுதான் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு வருவார்கள்.

"அண்ணே, பையன் நல்லாத்தானே பாஸ் பண்ணியிருக்கான், டாக்டருக்கு எழுதிப் போடுங்க" என்பார்கள். சான்றிதழைப் பார்த்தால் வரலாறு, புவியியல், வாணிபம் எல்லாம் நல்ல மதிப்பெண்ணில் இருக்கும். உயிரியலும் வேதியியலும் இருக்காது. அந்த இடத்தில் என்ன பதில் சொல்வது? எங்கள் கல்விக் குழுவில் இருந்தவர்கள் பலமுறை தேநீர் வாங்கிக் கொடுத்துத்தான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்.

அதே காலத்தில் பயிற்று மொழியும் மாறியது. ஆங்கிலப் பள்ளிகளில் 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய மலாய்மொழிப் பாடம் ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 1980-இல் ஐந்தாம் படிவத்தையும் 1982-இல் ஆறாம் படிவத்தையும் எட்டியது. எச்.எஸ்.சி. போய் எஸ்.டி.பி.எம். வந்தது. அண்ணன் படித்த ஆங்கிலப் புத்தகம் தம்பிக்கு உதவவில்லை. நம் பிள்ளைகள் மலாய் சரளமாகப் பேசுவார்களே என்று பலரும் சொன்னார்கள். கடையில் பேசும் மலாய் வேறு, வேதியியல் விடைத்தாளில் எழுதும் மலாய் வேறு. ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வகுப்பை நாங்கள் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

பத்திரச் சிக்கலையும் மறைக்க வேண்டியதில்லை. தந்தைக்குச் சிவப்பு அடையாள அட்டை என்பதால் பிள்ளையின் குடியுரிமைத் தாள்களுக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு மலாய் என்றும் மற்றவருக்கு இந்தியர் என்றும் இனம் பதிவான வீடுகளும் உண்டு. ஒதுக்கீட்டு முறையில் அந்த ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்று விண்ணப்பப் பாரத்தை நிரப்பும் நாளில்தான் புரிந்தது. பூமிபுத்ரா அல்லாதவர்க்கு மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் 10 விழுக்காடு இடம் என்று பின்னாளில் வந்தபோது, எந்த வரிசையில் நிற்பது என்றே சில பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

இடம் கிடைக்காதவர்கள் இந்தியாவை நோக்கினார்கள். 1953-இல் தொடங்கப்பட்ட மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி மலேசியப் பிள்ளைகள் பலரை டாக்டராக்கியது. தாயின் நகை, ஊர் நிலம், கடையின் பங்கு என்று விற்றுப் பணம் கட்டிய கதைகள் நம் குடும்பங்களில் ஏராளம். அந்தத் தியாகத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். பங்கை விற்ற பிறகு அந்த வீட்டில் இளைய பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று பேசுவதில்லை. பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதும் பிற்பாடு வந்த பழக்கம். 2005-இல் கிரிமியாவின் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் மீட்டுக்கொள்ளப்பட்டபோதுதான் பல பெற்றோர் அந்தப் பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள்.

1997-இல் பி.டி.பி.டி.என். கடனும், அதையொட்டிய ஆண்டுகளில் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் வந்த பிறகு கதவு அகன்றது. கடனும் கூடவே வந்தது.

பெண் பிள்ளைகளின் கதை தனி. தொடக்க காலத்தில் மூன்றாம் படிவத்தோடு நிறுத்துவது சாதாரணம். பள்ளியில் முதலாவதாக வந்த பெண் வீட்டில் இருக்க, இரண்டு முறை தேர்வு எழுதிய அண்ணனுக்கு டியூஷன் வைத்த வீடுகளை நாம் அறிவோம். இன்று எங்கள் கல்வி உதவிக்கு விண்ணப்பிப்போரில் பெண்களே அதிகம். இதில் சங்கத்தின் பங்கைவிட, தங்களுக்குக் கிடைக்காததை மகள்களுக்கு விடாமல் கேட்டு வாங்கிய தாய்மார்களின் பங்கே பெரிது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். நம் ஊர் அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1970-களிலேயே மருந்தியல் படிப்பு இருந்தது. "மருந்துக்கடை வைக்கவா இவ்வளவு படிப்பு?" என்று அதை ஒதுக்கியவர்கள் நம்மில் அதிகம். கடை வைத்தே பிழைத்த சமுதாயம் இப்படிக் கேட்டது வேடிக்கைதான். தாதிமை, கதிரியக்கம், ஆய்வுக்கூடப் படிப்புகளுக்கும் இதே வரவேற்புதான்.

இப்போது டாக்டர் பட்டமும் நிலையான வேலைக்கு உறுதியல்ல. 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில் சேர்க்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி அவர்கள் பணியிடங்களிலிருந்து வெளிநடப்பு செய்ததை நாடே பார்த்தது. ஆகவே கடன் வாங்கும் முன் மகனிடமும் மகளிடமும் நாங்கள் கேட்பது மதிப்பெண்ணை மட்டுமல்ல. மருத்துவமனை வேலையைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா என்பதையும்தான்.

மூன்றாம் படிவத் தேர்வு 2022-இல் நீக்கப்பட்டது. அறிவியல், கலை என்ற பழைய பிரிவுகளும் 2020 முதல் இல்லை. நான்காம் படிவத்துக்குப் பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் உள்ள தொகுப்பு எது என்று அப்போதே பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாரம் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், கையொப்பமிடும் முன் கல்விக் குழுவிடம் கொண்டு வருமாறு பெற்றோரைக் கேட்டு வருகிறோம். கடந்த சில ஆண்டுகளாக, கடையடைத்த பிறகு இரவு பத்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.