வண்டி மசகு முதல் நுண்கரி வரை: மசகெண்ணெயில் கரியின் வரலாறு

முன்னுரை

எரிபொருள் முழுமையாக எரியாதபோது எஞ்சும் நுண்ணிய கார்பன் துகள்களே புகைக்கரி எனப்படுகின்றன. எஞ்சின் எண்ணெயைக் கெடுக்கும் அழுக்காகவே நெடுங்காலம் கருதப்பட்ட இக்கரி, வேதிமுறையில் பதப்படுத்தப்பட்ட பின் உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்கும் சேர்பொருளாகவும் பயன்படக்கூடும் என்பது அண்மைக்கால ஆய்வுகளின் முடிவாகும். எண்ணெய்க்குக் கரி பகையாவதும் துணையாவதும் பெரிதும் அதன் மேற்பரப்பைப் பொறுத்தவை என்பதை இக்கட்டுரை வரலாற்று அடிப்படையில் விளக்குகிறது.

அச்சும் கிராஃபைட்டும்

வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சில் தடவுவது தமிழகச் சிற்றூர்களில் இருந்த வழக்கம். கரி எண்ணெயைக் கெட்டியாக்கி வழியாமல் நிறுத்தியதால், மெதுவாகச் சுழலும் சக்கரத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வேகமாகச் சுழலும் இயந்திரங்களுக்கோ எண்ணெயின் அடியில் படியாத கரி தேவைப்பட்டது. 1890களில் மின்னுலையில் செயற்கைக் கிராஃபைட் உருவாக்கிய அமெரிக்கர் எட்வர்ட் ஆச்சிசன், களிமண்ணில் வைக்கோல் சேர்த்துச் செங்கல் அறுத்த எகிப்தியரின் முறையை ஆராய்ந்து, தாவரச் சாற்றிலுள்ள டானின் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து நிறுத்துவதைக் கண்டார்; அதே டானினைக் கிராஃபைட்டிலும் கையாண்டு, 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ‘ஆயில்டாக்’ என்னும் மசகைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கரியின் மேற்பரப்பை மாற்றி எண்ணெயில் மிதக்கவிடும் கருத்துக்கு இது முன்னோடியாகும்.

டீசல் காலம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள ஜார்ஜ் டவுன் துறைமுகச் சரக்கு மாட்டுவண்டியிலிருந்து டீசல் லாரிக்கு மாறிய காலத்தில், கரி எஞ்சினுக்குள்ளேயே பிறக்கும் சிக்கலாயிற்று. சில பத்து நானோமீட்டர் குறுக்களவுள்ள இத்துகள்கள் சங்கிலியாகத் திரண்டு எண்ணெயைக் கெட்டியாக்குவதோடு, உலோகத்தைக் காக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மங்களின் பணிக்கும் இடையூறு செய்கின்றன. எனவே, அவற்றைத் திரளவிடாமல் பிரித்து வைக்கும் சிதறலூக்கிகள் எண்ணெயில் சேர்க்கப்பட்டன.

1985இல் கண்டறியப்பட்ட ஃபுல்லரீன் என்னும் பந்துவடிவக் கார்பன், 1990இல் கிராஃபைட்டை ஆவியாக்கிப் பெற்ற கரியிலிருந்து பேரளவில் பிரித்தெடுக்கப்பட்டது; கரியைப் பயனுள்ள நுண்பொருளாகக் காணும் பார்வை அதன்பின் வலுப்பெற்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சஞ்சய் பிஸ்வாஸ் குழுவினர் எத்திலீன் சுடரின் கரியையும் டீசல் கரியையும் ஆராய்ந்து, துகளின் கட்டமைப்புக்கும் உராய்வுக்கும் உள்ள தொடர்பை விளக்கினர்.

வேதி மாற்றமும் சோதனையும்

கரியை நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கினால் அதன் மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகள் தோன்றுகின்றன. அவற்றோடு நீண்ட ஹைட்ரோகார்பன் வாலுடைய அமீன்களைப் பிணைத்தால், அவ்வால்கள் எண்ணெயோடு இசைந்து துகள்களைத் தனித்தனியே நிறுத்துகின்றன. இதன் பயனை அளக்க நான்கு குண்டுச் சோதனை உதவுகிறது. 12.7 மி.மீ. விட்டமுள்ள மூன்று எஃகுக் குண்டுகளை எண்ணெயில் அசையாமல் பொருத்தி, அவற்றின் மேல் நான்காவது குண்டை அழுத்தி நிமிடத்துக்கு 1200 சுற்று வீதம் ஒரு மணி நேரம் சுழற்றி, கீழ்க்குண்டுகளில் விழுந்த தேய்வுத் தழும்பின் விட்டத்தை நுண்ணோக்கியால் அளக்கின்றனர். தழும்பு சிறிதாயின் எண்ணெய் உலோகத்தை நன்கு காத்தது என்பது பொருள்.

பினாங்கும் இவ்வாய்வும்

கரிக்கு வாலாக அமையும் அமீன்களுக்கு மூலப்பொருளான கொழுப்பமிலங்களைச் செம்பனை எண்ணெயிலிருந்து பிரிக்கும் ஆலைகள் பினாங்கின் பிறையில் இயங்குகின்றன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் அதே மாநிலத்தின் நிபோங் திபாலில் அமைந்துள்ளது. 2019 முதல் மலேசியப் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கப்படுவதால், அதன் கரியைத் தனியே ஆராயும் தேவையும் உள்ளது.

முடிவுரை

டீசல் புகையைப் புற்றுநோய் விளைவிப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. ஆகவே கரியைத் திரட்டுவோரின் பாதுகாப்பே முதற்கடமை. ஆய்வகத் தழும்பு சிறுத்தது மட்டும் போதாது. ஓடும் எஞ்சினில் நெடுநாள் சோதித்து வென்ற பின்னரே பதப்படுத்திய கரியை மசகெண்ணெயின் நம்பகமான சேர்பொருள் என ஏற்க வேண்டும். மூலப்பொருளும் பொறியியல் கல்வியும் அருகருகே அமைந்த பினாங்கு, அச்சோதனையை மேற்கொள்ளத் தகுந்த இடமாகும்.