சிவப்புக் கோட்டுக்குள் ஒரு வீடு

"வங்கி சாதி பார்ப்பதில்லை, திருப்பிக் கட்டும் தகுதியைத்தான் பார்க்கிறது" என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களிடம் சொல்ல சிகாகோ நகரத்தின் வரலாறு ஒன்று இருக்கிறது.

1930களுக்கு முன் அமெரிக்காவில் வீடு வாங்குபவர் விலையில் ஏறத்தாழ பாதியைக் கையிலிருந்து போட வேண்டும். மீதியைச் சில ஆண்டுகளில் அடைக்க வேண்டும். பெரும் பொருளாதார மந்தத்தில் அப்படி வாங்கிய வீடுகள் ஏலத்துக்குப் போயின. மக்களைக் காப்பாற்ற 1933இல் வீட்டு உரிமையாளர் கடன் கழகமும், 1934இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் உருவாயின. பின்னது வங்கிகள் தரும் கடனுக்கு அரசுக் காப்பீடு தந்தது. வங்கிக்கு நட்டப் பயம் போனதால் வட்டியும் முன்பணமும் குறைந்தன. தவணைக் காலம் 20, 30 ஆண்டுகளாக நீண்டது. அமெரிக்க நடுத்தர வர்க்கம் சொந்த வீட்டுக்காரர் ஆனது இப்படித்தான்.

ஆனால் யாருக்கு? கடன் கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. பச்சை என்றால் சிறந்த பகுதி, சிவப்பு என்றால் ஆபத்தான பகுதி. கறுப்பின மக்கள் வாழ்ந்த இடங்கள் ஏறத்தாழ எல்லாமே சிவப்பு. வீட்டுவசதி நிர்வாகத்தின் கையேடும், வேற்று இனத்தார் குடிவந்தால் சொத்து மதிப்பு குறையும் என்றே மதிப்பீட்டாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. வருமானம் இருந்தும் கறுப்பினக் குடும்பத்துக்குக் கடன் கிடைக்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் முதலீட்டாளர் நுழைந்தார். "கறுப்பர்கள் வருகிறார்கள், விலை விழப்போகிறது" என்று வெள்ளையர்களைப் பயமுறுத்தி வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கினார். அதற்கான பணத்தைச் சேமிப்புக் கடன் நிறுவனங்கள் அவருக்குக் கொடுத்தன. அதே தெரு, அதே வீடு. குடியிருக்க வாங்குபவருக்கு இல்லாத கடன், விற்று லாபம் பார்ப்பவருக்குக் கிடைத்தது. ஆபத்து வீட்டில் இல்லை என்பது கடன் கொடுத்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

முதலீட்டாளர் அந்த வீட்டை மிக அதிக விலை வைத்து, தவணை ஒப்பந்தத்தில் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றார். கடைசித் தவணை கட்டும்வரை கிரயப் பத்திரம் விற்றவரிடமே இருக்கும். வரி, பழுதுபார்ப்பு, காப்பீடு எல்லாம் வாங்கியவர் பாடு. ஒரு தவணை தவறினாலும் வீடு போகலாம், கட்டிய பணமும் போகலாம். பிறகு அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு விற்கப்படும்.

மிசிசிப்பியிலிருந்து சிகாகோ வந்த கிளைட் ராஸ், 1961இல் நார்த் லான்டேல் பகுதியில் 27,500 டாலருக்கு இப்படி ஒரு வீடு வாங்கினார். விற்றவர் ஆறு மாதத்துக்கு முன் அதை வாங்கிய விலை 12,000 டாலர்.

ஒவ்வொரு குடும்பமும் தான் மட்டும் ஏமாந்ததாக நினைத்து, வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை. 1968இல் ஒப்பந்த வாங்குவோர் சங்கம் அமைத்தபோதுதான் எல்லார் கதையும் ஒன்று என்று தெரிந்தது. தவணை கட்ட மறுத்தார்கள். காவலர்கள் வெளியேற்றிய குடும்பங்களின் சாமான்களை அக்கம்பக்கத்தார் மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 1976இல் நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றாலும், நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை அதற்குள் மாற்றி எழுதவைத்திருந்தார்கள். வீட்டு விற்பனையிலும் கடனிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் வந்ததும் 1968இல்தான். ஆனால் முப்பது ஆண்டுகளில் இழந்த சொத்தை அந்தச் சட்டம் திருப்பித் தரவில்லை.

நம் ஊரில் இதற்குச் சிவப்பு மை தேவைப்பட்டதில்லை. முகவரியில் 'காலனி' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்திருக்கிறது. அதனால் இனி யாராவது "ரிஸ்க்" என்று சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: அதைக் கணக்கிட்டது யார்? அதே இடத்தில், அதே வங்கியில் வேறு யாருக்குக் கடன் கிடைத்திருக்கிறது?